மாதத்தில் மூன்று நாள் கொழும்பு

மஸூதாவுக்கு முதலில் கொழும்பைப் பிடிக்கவே இல்லை. ஐம்பத்தேழாம் வருசம் கழுத்துக் கழலைக்கு ஒப்பரேஷன் செய்வதற்காக மாத்தளையிலிருந்து அவளை அங்கே கூட்டிப் போனார்கள். கோட்டை ஸ்டேஷன் வாசலில் இறங்கிய உடனேயே ஒரு கைவண்டிக்காரன் அவள் செருப்பின் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டு, அவளையே ஏசிவிட்டுப் போனான். கணவன் அப்துல் ஸமத் அவனோடு சண்டைக்குப் போன நேரத்தில் யாரோ அவர்களுடைய குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்கள். மழை வேறு. மருதானைக்கு வாடகைக் காரில் போகும்போது சாக்கடை நிறைந்து ரோட்டில் ஓடியது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவன் அன்னாசி வெட்டி விற்றான். அவனிடம் வாங்கித் தின்னவும் ஆட்கள் நின்றார்கள்.

"இந்த ஊர்ல மனுசன் இருப்பானா?" என்றாள் மஸூதா.

"ஒப்பரேஷன் முடிஞ்சா இங்க ஏன் வரப்போறோம்" என்றான் ஸமத்.

ஆனால் வர வேண்டியிருந்தது. பொரளையில் இருந்த டொக்டர், நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகும் கப்பலேறாமல் தங்கிவிட்ட வெள்ளைக்காரர். வாயில் இங்கிலீசைத் தவிர வேறு பாஷை வராது. மாசம் ஒருமுறை வந்து கழுத்தைக் காட்ட வேண்டும் என்றார் அவர். அதை மஸூதாவுக்குத் தமிழில் சொன்னது றஹீமா. மஸூதாவின் பெரியம்மா மகள், இவளைவிட மூன்று வயது மூத்தவள், கொன்வென்டில் படித்தவள். துறைமுகத்தில் வேலை செய்யும் ஸக்கரியாவுக்கு வாழ்க்கைப்பட்டு, மருதானையில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் மூன்று பிள்ளைகளோடு இருந்தாள். மஸூதா தங்குவது அங்கேதான்.

முதல் இரண்டு முறை ஸமத் கூடவே வந்தான். அவனுக்கு மாத்தளை பெரிய தெருவில் மிளகும் கொக்கோவும் ஏலமும் வாங்கும் கடை. கடையை மூடிவிட்டு மாசா மாசம் கிளம்ப முடியாது. மூன்றாம் முறையிலிருந்து அவளைத் தனியாக அனுப்பினான். வியாழக்கிழமை காலை மாத்தளை ஸ்டேஷனில் பொம்பளைகள் பெட்டியில் தெரிந்த குடும்பம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து, சாய்ந்துகொள்ள ஒரு தலையணையும் கொடுப்பான். கண்டியில் கோச்சி மாறுவதற்கு அங்கிருந்த சினேகிதன் ஒருவனுக்குச் சொல்லிவைத்திருந்தான். கோட்டையில் ஸக்கரியா வந்து நிற்பான். வெள்ளி, சனி, ஞாயிறு கொழும்பில். திங்கட்கிழமை பின்னேரம் திரும்பும்போது ஸமத் மாத்தளை ஸ்டேஷனில் காத்திருப்பான்.

"இப்படி ஒரு புருசன் யாருக்குக் கிடைக்கும்" என்று தெருவில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். வேறு சிலர், பொஞ்சாதியை இப்படி அவிழ்த்துவிடுகிறானே என்றும் சொன்னார்கள்.

எந்த மாசத்தில் தனக்கு அந்த ஊர் பிடிக்கத் தொடங்கியது என்று மஸூதாவால் சொல்ல முடியாது. இரண்டு தட்டு ட்ரொலி பஸ்ஸில் றஹீமா அவளை முதல்முறை மேலே ஏற்றியது ஒரு காரணமாக இருக்கலாம். மேல்தட்டில் முன்சீட்டில் உட்கார்ந்தால் டிரைவரும் தெரியமாட்டான், எஞ்சினும் தெரியாது. தானே தெருவுக்கு மேலே மிதந்து போவது மாதிரி இருக்கும். சந்திக்குச் சந்தி பஸ்ஸின் தலைக்கம்பு மின்கம்பியைவிட்டு நழுவும். பஸ் நடுரோட்டில் செத்துப்போய் நிற்கும். கண்டக்டர் நீண்ட மூங்கிலோடு இறங்கி, தூண்டில் போடுகிறவனைப் போல அண்ணாந்து பார்த்துக் கம்பியைத் தேடுவான். பின்னால் லொறியும் மாட்டுவண்டியும் சைக்கிளும் நின்று ஹோர்ன் அடிக்கும், மணியடிக்கும், மூன்று பாஷையில் ஏசும். கம்பி மாட்டியதும் எல்லோரும் எதுவுமே நடக்காத மாதிரி போய்விடுவார்கள். மாத்தளையில் அப்படி ஒரு ஏச்சு நடந்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

புறக்கோட்டையில் நடப்பதற்கு அவள் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டாள். நடைபாதை முழுக்க சாமான் கிடக்கும். நடப்பதற்கு ரோட்டில் இறங்க வேண்டும். ரோட்டில் வண்டிகள் போக இடமிருக்காது. ஒரு பக்கம் கோயில் மணி, ஒரு பக்கம் மத்தியான லுஹர் பாங்கு, இடையில் வெங்காய மூட்டை இறக்குகிறவர்களின் கூச்சல். ஒரு சிங்களக் கிழவி ஊறுகாய் போடுகிற தேசிக்காய் விற்பாள். பேரம் பேசினால் ஏசுவாள், பேசாமல் வாங்கினாலும் 'பேரம் பேசத் தெரியாதவள்' என்று ஏசுவாள். மஸூதா அவளிடம் ஏச்சு வாங்குவதற்காகவே போவாள்.

எல்லாவற்றையும்விட ஒன்று இருந்தது. அதை அவள் றஹீமாவிடம்கூடச் சொன்னதில்லை. மாத்தளையில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், எந்த மௌத்து வீட்டுக்குப் போனாலும், பெண்களின் கண் முதலில் அவள் வயிற்றில் விழும். பதினாலு வருசமாக அப்படித்தான். கொழும்பில் ஒருவரும் அவள் வயிற்றைப் பார்க்கவில்லை. அவளைப் பார்க்கவே யாருக்கும் நேரமில்லை.

ஒருநாள் கண்ணாடி வளையல் விற்கிறவன், "மகளுக்கா, எத்தனை வயசு?" என்று கேட்டான். மஸூதா யோசிக்காமல், "மூணு பேர். பத்து, ஏழு, நாலு" என்றாள். அவன் மூன்று அளவில் வளையல் எடுத்துக் கட்டிக் கொடுத்தான். மருதானைக்கு வரும் வழியில் றஹீமாவின் மகள்களுக்கு அவற்றைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தாள், கொடுத்தும்விட்டாள். ஆனால் அந்தக் கால்மணி நேரம் அவளுக்கு மூன்று மகள்கள் இருந்தார்கள்.

திங்கட்கிழமை ஊருக்கு வந்து, சோறு போட்டுக்கொடுத்துவிட்டு, கொழும்பில் பார்த்த ஒவ்வொன்றையும் ஸமதுக்குச் சொல்வாள். அவள் நல்லாகக் கதை சொல்வாள். கண்டக்டர் மூங்கிலோடு தடுமாறுவதை நடித்துக்காட்டுவாள். தேசிக்காய்க் கிழவியின் குரலில் ஏசுவாள். ஸமதுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். இரண்டு வாரத்துக்குப் பிறகும், "அந்தக் கிழவி என்ன சொன்னாள், இன்னொருக்கா சொல்லு" என்று கேட்பான். பார்க்கிற நேரத்திலேயே, இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

வளையல் கதையையும் சொன்னாள். அதற்கு மட்டும் அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிறகு, "அடுத்த முறை காலிமுகத் திடலுக்குப் போய் கடல் பார்த்துட்டு வா. றஹீமாவுக்கு நான் எழுதுறேன்" என்றான்.

ஐம்பத்தெட்டில் கலவரம் நடந்த மே மாதம் மட்டும் அவள் போகவில்லை. மற்றபடி மூன்று வருசம் ஒரு மாசமும் தவறவில்லை.

அறுபதாம் வருசம் பெப்ரவரி மாதம். வெள்ளிக்கிழமை காலையில் றஹீமாவுக்குக் காய்ச்சல், எழும்ப முடியவில்லை.

"இந்த மாசம் டொக்டர்கிட்ட போகாட்டி ஒண்ணும் ஆகாது" என்றாள் றஹீமா. "அடுத்த முறை பாத்துக்குவோம்."

"வந்தது அதுக்குத்தானே, ராத்தா. எனக்கு வழி தெரியும். நேர்ஸ்கிட்ட சிங்களத்துல பேசிக்குவேன். நீங்க படுங்க."

றஹீமா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மஸூதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிவிட்டாள்.

டிஸ்பென்சரியில் பழைய நேர்ஸ் இல்லை. புதிதாக வந்திருந்தவள் இவள் பெயரைக் கூப்பிட்டதும் தமிழிலேயே கேட்டாள்: "மாத்தளையா? நானும் அந்தப் பக்கம்தாங்க. பலாபத்வலைக்கு மேல தோட்டத்துல அப்பா கிளார்க்." பெயர் கமலாட்சி. ஊர்க்காரி ஒருத்தியைக் கண்ட சந்தோசத்தில் அவள் மஸூதாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெட்டியிலிருந்து கார்ட்டைத் தேடி எடுத்தாள். எடுத்தவள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. ஏன் மாசா மாசம் வாறீங்க? இவ்வளவு தூரம்?"

"டொக்டர் வரச்சொன்னாரே."

"இல்லீங்களே. அம்பத்தெட்டு ஜனவரியிலேயே எழுதியிருக்காரு. சுகமாயிடுச்சு, இனி ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்தா போதும்னு. இங்க பாருங்க, பொறகும் ரெண்டு தடவை எழுதியிருக்காரு. 'பயத்தினால் வருகிறாள், தைரியம் சொல்லி அனுப்பவும்'னு."

மஸூதா கார்ட்டைப் பார்த்தாள். இங்கிலீசு எழுத்து அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தேதி தெரிந்தது.

வெளியே வந்து தெருவில் நின்றபோது அவளுக்கு முதலில் விளங்கவில்லை. றஹீமா ராத்தா ஒவ்வொரு மாசமும் பக்கத்திலிருந்து, 'நல்லா இருக்காம், அடுத்த மாசமும் வரட்டாம்' என்று சொன்னது காதில் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல விளங்கியது மாதிரி இருந்தது, சிரிப்பு வந்தது. பாவம் றஹீமா. விடிந்தால் அடுப்பு, பிள்ளைகள், துறைமுகத்திலிருந்து களைத்து வரும் புருசன். மஸூதா வந்தால்தான் அவளுக்கும் கடல், பஸ், கடைத்தெரு. தன்னை விட்டுவிட மனசில்லாமல் பொய் சொல்லியிருக்கிறாள்.

தன்னோடு இருப்பதற்காக ஒருத்தி பொய் சொன்னாள் என்பது மஸூதாவுக்கு என்னவோ செய்தது. காய்ச்சல்காரிக்கு ஆறு தோடம்பழம் வாங்கினாள். பஸ்ஸில் மேலே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் வெயிலும் தூசியும் கூச்சலுமாக இருந்தது. இதை விட்டு எப்படி ஆறு மாசம் இருப்பேன் என்று நினைத்தாள். ஸமதிடம் சொல்லிக் கெஞ்சிக் கேட்டால், வைத்தியம் இல்லாவிட்டாலும் மாசம் ஒருமுறை அனுப்பாமலா இருப்பான்.

றஹீமா கட்டிலில் சுவரில் சாய்ந்திருந்தாள். மஸூதா தோடம்பழத்தை அவள் மடியில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கள்ளி" என்றாள் சிரித்துக்கொண்டே. "எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு."

றஹீமாவின் முகத்திலிருந்த காய்ச்சல் நிறம் வெளுத்தது. ஒரு தோடம்பழம் உருண்டு நிலத்தில் விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

"யாரு சொன்னது?" என்றாள். "முத்தலிப் நானாவா?"

முத்தலிப் மஸூதாவின் சொந்த அண்ணன். அவனுக்கும் இந்த டொக்டர் கார்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மஸூதாவுக்குப் பிடிபடவில்லை. கேட்க வாயெடுத்தவள், றஹீமாவின் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"யாரு சொன்னா என்ன? நீங்க சொல்லுங்க, ராத்தா. உங்க வாயால சொல்லுங்க."

றஹீமா அழத் தொடங்கினாள். "நான் முதல்ல இருந்தே சொன்னேன், மஸூதா. அவகிட்ட நேரா சொல்லிருங்க, ஸமத், அவ தாங்கிக்குவான்னு. அவரு கேக்கல. நிக்காஹ் முடியட்டும், சொல்றேன்னாரு. பொறகு புள்ள பொறக்கட்டும்னாரு. இப்ப புள்ளைக்கு நாலு மாசம்."

பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகு மஸூதா கதிரையை இன்னும் கிட்டே இழுத்தாள்.

"எந்த ஊர்?" என்று கேட்டாள் கடைசியில்.

றஹீமா நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது விளங்கியது. "உனக்குத் தெரியாதா? நீ எல்லாம் தெரியும்னு சொன்னியே."

"இப்பத் தெரியும். எந்த ஊர்?"

நாலந்தா. ஸமதுக்குக் கொக்கோ விற்கும் ஒருவருடைய மகள். றஸ்மியா என்று பெயர். வயசு இருபத்துநாலு. மஸூதா கொழும்புக்கு வரும் வியாழன் தொடங்கித் திங்கள் காலைவரைக்கும் ஸமத் அங்கேதான். ஆறு மாசத்துக்கு ஒருமுறை என்று டொக்டர் சொன்னதை மறைக்கச் சொன்னதும் அவன்தான். றஹீமாவும் ஸக்கரியாவும் முதலில் மாட்டோம் என்றார்கள். 'அவள் அழுவதை என்னால் பார்க்க ஏலாது, கொஞ்ச நாளைக்கு மட்டும்' என்று ஸமத் கண்கலங்கியதும் ஒத்துக்கொண்டார்கள்.

"கடலுக்குப் போனோமே" என்றாள் மஸூதா. "அது?"

"அவரு கடுதாசி எழுதினாரு. கூட்டிப் போகச் சொல்லி."

"தெஹிவளைக்கு யானை பாக்கப் போனது?"

"அதுவும்தான்."

"பஸ்ஸுல மேல ஏத்தினீங்களே, முதல் முதல்ல?"

றஹீமா அவசரமாகத் தலையாட்டினாள். "இல்ல, இல்ல. அது நான். அல்லாஹ் மேல ஆணையா, அது நானாத்தான் கூட்டிப் போனேன்."

மஸூதா அதை நம்பினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து தன் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். மறுநாள் காலை முதல் வண்டிக்கு ஸக்கரியா அவளைக் கூட்டிப் போனான். ஸ்டேஷன் வாசலில் வழக்கம்போல வண்டிகளும் மூட்டைகளும் ஆட்களும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். இந்த ஊருக்கு எதுவும் தெரியாது என்று மஸூதா தனக்குள் சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் அவளால் தலையை நிமிர்த்தி அதைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மாத்தளையில் இறங்கி, நேரே முத்தலிப்பின் வீட்டுக்குப் போனாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை வர வேண்டியவள் சனிக்கிழமை பெட்டியோடு நிற்பதைக் கண்டதுமே அவனுக்கு விசயம் தெரிந்துவிட்டது.

"உக்காரு, தங்கச்சி."

"உங்களுக்கு எப்ப தெரியும், நானா?"

"ரெண்டாம் கல்யாணம் முடிக்கிறதுன்னா முன்னுக்கே காதி நீதவானுக்கு அறிவிச்சு, பள்ளியில நோட்டீசு ஒட்டணும். அது சட்டம். அம்பத்தெட்டுல, பெருநாள் முடிஞ்ச மாசம் ஒட்டினாங்க. முப்பது நாள் இருந்திச்சு."

"எந்தப் பள்ளியில?"

"நம்ம ஜும்மாப் பள்ளியிலதான். பொஞ்சாதி இருக்கிற ஊர்ப் பள்ளியிலயும் ஒட்டணும்."

அது தனக்காக ஒட்டப்பட்ட நோட்டீசு என்று மஸூதாவுக்கு விளங்கியது. மனைவிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, மனைவி கால் வைக்காத இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஊரின் ஆண்கள் எல்லோரும் அதன் முன்னால் செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள். பேக்கரியிலிருந்து பாண் கொண்டு வருகிறவன், தையல்காரர், இறைச்சிக்கடைக்காரர். எலும்பில்லாத துண்டாகப் பார்த்து, "இது உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்" என்று அவர் கொடுத்தனுப்பியதெல்லாம் ஏன் என்று இப்போது தெரிந்தது. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருக்கும். கொஞ்ச நாளாக யாருமே அவள் வயிற்றைப் பார்க்காததை, வயசாகிவிட்டதால் விட்டுவிட்டார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

"நீங்களும் வாசிச்சீங்க."

"வாசிச்சேன். என்ன செய்ய? மார்க்கத்துல தடையில்ல. நான் சண்டை பிடிச்சா உன் வாழ்க்கை போயிரும்னு பயந்தேன். மச்சான் உனக்கு ஒரு குறையும் வைக்கலியே. பொறுமையா இரு."

மஸூதா பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள். "நானா, இனி என் வீட்டுக்கு வாறதுன்னா, முன்னுக்கே யார்கிட்டயாவது சொல்லி அனுப்பிட்டு வாங்க. நான் இருக்கேனா இல்லையான்னு கேட்டுட்டு வாங்க" என்றாள். முத்தலிப் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்புள்ளை பஸ்ஸில் ஏறினாள். பலாபத்வலை தாண்டி, நாலந்தாவில் இறங்கி, கடையொன்றில் விசாரித்தபோது உடனே வழி சொன்னார்கள். கொக்கோ மரங்களுக்கு நடுவில் புதிதாக ஓடு போட்ட சின்ன வீடு. முற்றத்தில் சாக்குப் பாயில் கொக்கோ விதை காய்ந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து வந்தவள் ஒல்லியான பெண். இடுப்பில் குழந்தை. மஸூதா பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் பயப்படவில்லை. சந்தோசப்பட்டாள். அதுதான் மஸூதாவைத் தடுமாற வைத்தது.

"ராத்தா, உள்ளுக்கு வாங்க. இன்னைக்கு வருவீங்கன்னு அவங்க சொல்லவே இல்லியே. இறைச்சி வாங்கத்தான் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க. கொழும்புல இருந்து நேரா வாறீங்களா?"

அவள் கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி ஊற்றக் கை இல்லை என்று சொல்லி, குழந்தையை மஸூதாவின் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பெண் குழந்தை. ஸமதின் காது மாதிரியே அகன்ற காது. அது மஸூதாவின் முந்தானையைப் பிடித்து வாயில் வைத்தது.

றஸ்மியா அடுப்படியிலிருந்தே பேசிக்கொண்டிருந்தாள். "நீங்க ஒத்துக்கிட்டதுக்கு நான் எத்தனை துஆ செஞ்சிருப்பேன்னு தெரியுமா, ராத்தா. வேற பொம்பளைன்னா ஊரைக் கூட்டியிருப்பா. எங்க வாப்பாவுக்கு முதல்ல விருப்பமில்ல. முதல் பொஞ்சாதி இருக்கிற எடத்துல எப்படின்னாரு. பொறகு இவங்க சொன்னாங்க, நீங்க பெரும்பாலும் கொழும்புலதான், உங்களுக்கு அந்த ஊர்தான் பிரியம், மாத்தளையில இருக்க மனசே இல்லைன்னு. காதியார்கிட்டயும் அதைத்தான் சொன்னாங்களாம்."

மஸூதா குழந்தையின் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். அது மறுபடியும் பிடித்தது.

"எனக்கு நீங்க புது ஆளே இல்ல" என்று சொல்லிக்கொண்டே றஸ்மியா கோப்பையோடு வந்தாள். "கம்பி மாட்டுற கண்டக்டர், தேசிக்காய்க் கிழவி எல்லாம் எனக்குத் தெரியும். இவங்க அப்படியே நடிச்சுக் காட்டுவாங்க. எனக்குச் சிரிச்சு வயிறு நோகும். ஆனா அந்த வளையல் கதை சொன்னப்ப மட்டும் நான் அழுதுட்டேன், ராத்தா."

அவள் உண்மையாகவே சொன்னாள். அந்தப் பெண்ணிடம் ஒரு கள்ளமும் இல்லை. தேத்தண்ணி நல்லாக இருந்தது. மஸூதா அதில் பாதியைக் குடித்தாள். பதினாறு வருச வாழ்க்கையில் தான் ஸமதுக்குக் கொடுத்ததில் மிக நல்லது எது என்று யாராவது கேட்டிருந்தால், திங்கட்கிழமைச் சோற்றோடு சொன்ன அந்தக் கதைகள் என்றுதான் சொல்லியிருப்பாள். அவன் அவற்றைச் சேர்த்துவைத்து, அடுத்த மாசத்து வியாழக்கிழமை இங்கே கொண்டுவந்திருக்கிறான்.

ஸமத் தேக்கிலையில் கட்டிய இறைச்சிப் பொதியோடு முற்றத்துக்கு வந்தான். மஸூதாவைக் கண்டு படியிலேயே நின்றான். மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தான். றஸ்மியா சிரித்துக்கொண்டே பொதியை வாங்கிப் போனாள். போகிற வழியில் இருவர் முகத்தையும் பார்த்தவள், அடுப்படியில் சத்தமில்லாமல் நின்றுகொண்டாள்.

"எப்படி வந்த? பஸ்ஸுல தனியாவா?" என்றான் ஸமத்.

"கொழும்புக்கே தனியாத்தானே அனுப்பினீங்க."

அவன் படியில் உட்கார்ந்தான். "உன் மனசு நோகக் கூடாதுன்னுதான், மஸூதா. ஒவ்வொரு திங்கக்கிழமையும் இன்னைக்குச் சொல்லணும்னு நினைச்சுத்தான் ஸ்டேஷனுக்கு வருவேன். நீ அவ்வளவு சந்தோசமா இறங்குவ. அந்த முகத்தைப் பாத்துட்டு எப்படிச் சொல்ல?"

"கேட்டிருந்தா அழுதிருப்பேன். ஒரு மாசம் அழுதிருப்பேன். பொறகு சரின்னோ மாட்டேன்னோ சொல்லியிருப்பேன். எதுவா இருந்தாலும் அது நான் சொன்னதா இருந்திருக்கும்." குரல் உயராமல் பேசினாள், மடியில் குழந்தை கண்ணயர்ந்திருந்தது. "காதியார்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவன் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

"எனக்குக் கொழும்புலதான் பிரியம்னு சொன்னீங்களாம்."

ஸமத் தலைநிமிர்ந்தான். அவன் முகத்தில் தந்திரம் எதுவும் இல்லை. நியாயம் கேட்கிறவனின் முகமாக இருந்தது. "அது பொய்யில்லையே, மஸூதா. நீ பிரியப்படத்தானே செஞ்ச?"

மஸூதா எழுந்தாள். குழந்தையைக் கொண்டுபோய் றஸ்மியாவின் கையில் கொடுத்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாது, ராத்தா" என்றாள். "தெரியும், நீ அழாத" என்று சொல்லிவிட்டு மஸூதா ரோட்டுக்கு நடந்தாள். ஸமத் பின்னால் வந்து பஸ் வரும்வரைக்கும் பக்கத்தில் நின்றான்.

அவள் பிரிந்து போகவில்லை. மாத்தளை வீடு அவளுக்குச் சீதனமாக வந்த வீடு; போவதென்றால் அவன்தான் போக வேண்டும். அவன் போகவில்லை. வாரத்தில் மூன்று நாள் நாலந்தா, நான்கு நாள் மாத்தளை என்று இப்போது வெளிப்படையாக வைத்துக்கொண்டான். முன்னைவிட அன்பாக இருந்தான். மஸூதா சமைத்தாள், உடுப்புக்கு ஸ்திரிக்கை போட்டாள், நோன்புக்குக் கஞ்சி காய்ச்சினாள். பெருநாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பினாள். ஆனால் சோறு போட்டுவிட்டு எதிரே உட்காருவதை விட்டுவிட்டாள். றஹீமாவின் கடுதாசிகள் வந்தன. எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்தாள், ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை.

ஓகஸ்ட் மாதம் டொக்டரிடம் போகும் முறை வந்தது. ஸமத் கூட வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள். இப்போதெல்லாம் அவள் ஒன்றை வேண்டாம் என்றால் அவன் திரும்பக் கேட்பதில்லை. விடியற்காலைக் கோச்சியில் போய், வேலையை முடித்துக்கொண்டு பின்னேர வண்டியில் கண்டிக்கு வந்து, அங்கே ஸமதின் சினேகிதன் வீட்டில் பெண்களோடு தங்கி, மறுநாள் காலை மாத்தளைக்கு வந்தால் போதும். மருதானைப் பக்கம் போகவே வேண்டியதில்லை.

டொக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து நல்ல சுகம் என்றார். கமலாட்சிதான் தமிழில் சொன்னாள். இனிமேல் கண்டியிலேயே காட்டலாமா என்று மஸூதா கேட்கச் சொன்னாள். தாராளமாக, என்று சொல்லி அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கமலாட்சி வாசல்வரை வந்தாள். "இனி வர மாட்டீங்களா? உங்களுக்கு இந்த ஊர் பிடிக்கும்னு நினைச்சேனே" என்றாள்.

"பிடிச்சுத்தான் இருந்திச்சு" என்றாள் மஸூதா.

கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் கீழ்த்தட்டில், பெண்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். புறக்கோட்டைக்குக் கிட்டே பஸ் நின்றுவிட்டது. கால்மணி நேரமாகியும் நகரவில்லை. இறங்கி நடந்த சனங்களோடு அவளும் இறங்கினாள். நடுரோட்டில் ஒரு வண்டிமாடு நுகத்தோடு படுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் முழுச் சீருடையில் ஒரு பொலிஸ்காரன் குந்தியிருந்து, அதன் காதுக்குக் கிட்டே வாயை வைத்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தான். மாடு ஒருமுறை அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தலையை அவன் தொடையில் வைத்துக்கொண்டது. தெருவே சிரித்தது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையோடு சிரித்தார்கள்.

மஸூதாவும் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு, பொலிஸ்காரனின் தொப்பி எப்படிச் சரிந்திருந்தது, மாடு எந்தப் பக்கமாகத் திரும்பியது, முதலில் எதைச் சொல்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று அவள் மனசு தன்பாட்டில் அடுக்கத் தொடங்கியது. பாதி அடுக்கிய பிறகுதான் அது யாருக்குச் சொல்வதற்கு என்று அவளுக்குத் தெரிந்தது. சனங்களுக்கு நடுவில் அப்படியே நின்றாள். பின்னால் வந்தவன் இடித்து, வழியை விடும்படி ஏசினான். அவள் வழியை விட்டாள்.

மறுநாள் காலை ஸமத் மாத்தளை ஸ்டேஷனில் நின்றான். பையை வாங்கிக்கொண்டான். மணிக்கூட்டுச் சந்தியைக் கடந்ததும், பழைய நாட்களில் கேட்கிற மாதிரியே, ஆனால் கொஞ்சம் பயந்து கேட்டான்:

"கொழும்பு எப்படி?"

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கோச்சி நேரத்துக்கு வந்திச்சு" என்றாள்.